300 மீட்டருக்குள் வீடு இருக்கிறதா? கல்குவாரி வெடிவிதிகளும் கணக்கில் ஏறாத சேரிகளும்

சென்னையின் மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ அடையாற்றிலோ பழைய வீடு ஒன்று இடிக்கப்பட்டு அடுக்ககம் எழும்பும்போது, தெருவோரத்தில் ஜல்லியும் எம்-சாண்டும் குவிந்து கிடப்பதை நாம் அன்றாடம் கடந்து செல்கிறோம். அந்தக் குவியல் எங்கோ ஒரு பாறையில் குழி போட்டு, வெடிமருந்து திணித்து, தகர்த்து, கிரஷரில் அரைத்து எடுக்கப்பட்டது. பாறை உடைவது செங்கல்பட்டு, காஞ்சிபுரம் போன்ற மாவட்டங்களின் சிற்றூர்களில். அதை உடைக்கலாமா, எப்படி உடைக்கலாம் என்று முடிவு செய்யும் கோப்புகள் நகர்வதோ தென்சென்னையிலும் மத்திய சென்னையிலும். சுற்றுச்சூழல் அனுமதி வழங்கும் மாநில ஆணையம் சைதாப்பேட்டை பனகல் மாளிகையில் இயங்குகிறது. புவியியல் மற்றும் சுரங்கத் துறையின் தலைமையகமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைமையகமும் கிண்டியில் உள்ளன. வெடிபொருள் உரிமங்களைக் கவனிக்கும் ஒன்றிய அரசு நிறுவனத்தின் தென்மண்டல அலுவலகம் நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனில் உள்ளது. இவை யாவும் ஒன்றுக்கொன்று சில கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கின்றன.

இந்த அலுவலகங்கள் கைக்கொள்ளும் விதிகள் தளர்வானவை அல்ல. வெடிமருந்தின் எடை முதல் அதிர்வின் அளவு வரை எழுத்தில் வரையறை உண்டு. எனினும் குவாரியை ஒட்டிய சேரியில் சுவர் பிளக்கிறது, ஓடு உடைகிறது, கல் பறந்து வந்து விழுகிறது என்ற புகார்கள் ஓய்வதில்லை. விதிமீறல், கையூட்டு, கண்காணிப்பின்மை ஆகியவை இதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. அவை உண்மையே. அவற்றுக்கும் முன்னால் நிற்கும் ஒரு காரணத்தை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. வெடிவிதிகள் பாதுகாப்பது வீட்டை. எது வீடு என்பதை விதியே வரையறுக்கிறது. அந்த வரையறைக்குள் சேரி பல நேரங்களில் ஏறுவதில்லை.

கல்லின் பெயரும் உடைத்தவர் பெயரும்

சென்னையின் தெற்கு எல்லையில் நிற்கும் பரங்கிமலை, பல்லாவரம் குன்றுகளின் பாறைக்கு நிலவியலில் சார்னோக்கைட் என்று பெயர். 1893-இல் தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலாளர் அப்பெயரைச் சூட்டினார். கல்கத்தாவின் பிரிட்டிஷ் குடியேற்றத்தோடு சேர்த்துப் பேசப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இவ்வகைப் பாறையாக இருந்ததே காரணம். பரங்கிமலைப் பாறை இன்று தேசிய நிலவியல் நினைவுச் சின்னங்களுள் ஒன்று. கல்லுக்கு அடியில் புதைக்கப்பட்டவரின் பெயர் உலக நிலவியல் அகராதியில் ஏறியது. கல்லை உடைத்தவர் எவரின் பெயரும் எந்த ஏட்டிலும் இல்லை.

நகரம் வளர வளரக் குவாரிகள் தெற்கிலும் மேற்கிலும் தள்ளிப்போயின. கைவிடப்பட்ட பள்ளங்களையும் நகரம் விட்டுவைக்கவில்லை. 2017, 2019 ஆகிய வறட்சி ஆண்டுகளில் மாங்காட்டை ஒட்டிய சிக்கராயபுரம் கல்குவாரிகளில் தேங்கிய நீரே சென்னைக்குக் குடிநீராக வந்தது. கல்லும் தண்ணீரும் நகரத்துக்கு வந்தன. அதிர்வும் தூசியும் கல் கிடைத்த ஊரிலேயே தங்கின.

ஒரு வெடிக்கு எத்தனை அனுமதிகள்

கல்குவாரி ஒன்றில் முதல் வெடி வைக்கப்படும் முன் குறைந்தது நான்கு வாயில்களைக் கடக்க வேண்டும்.

முதலாவது, குத்தகை. ஜல்லிக்கல் சிறுகனிமம் ஆதலால், அது 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளுக்கு உட்பட்டது. புறம்போக்கு நிலமானாலும் பட்டா நிலமானாலும் குத்தகை அல்லது அனுமதி இன்றிக் கல் எடுக்க இயலாது.

இரண்டாவது, சுற்றுச்சூழல் அனுமதி. 5 ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிகள் நீண்டகாலம் இந்த அனுமதியே இல்லாமல் நடந்தன. தீபக் குமார் எதிர் ஹரியானா அரசு வழக்கில் 2012 பிப்ரவரி 27 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த ஆணை அந்த வழியை அடைத்தது. பெரிய குத்தகையைச் சிறு துண்டுகளாக வெட்டித் தப்பிக்கும் உத்தியைத் தடுக்க, 500 மீட்டர் இடைவெளிக்குள் அமைந்த குவாரிகளை ஒரே தொகுதியாகக் கணக்கிடும் முறையும் வந்தது. தொகுதியின் கூட்டுப் பரப்பு 5 ஹெக்டேரைத் தாண்டினால் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தியாக வேண்டும்.

மூன்றாவது, வெடிபொருள் உரிமம். 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் 2008-ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளும் இதற்கு அடிப்படை. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு நிறுவனம், சுருக்கமாகப் பெசோ, இதனைச் செயல்படுத்துகிறது. வெடிபொருளை வாங்குவது, கிடங்கில் வைப்பது, வண்டியில் கொண்டுசெல்வது, பயன்படுத்துவது ஒவ்வொன்றும் கணக்கில் ஏற வேண்டும். கிடங்கு அமைக்க மாவட்ட நிர்வாகத்தின் தடையின்மைச் சான்று தேவை.

நான்காவது, சுரங்கப் பாதுகாப்பு. தன்பாதைத் தலைமையிடமாகக் கொண்ட சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகத்துக்குப் பணி தொடங்கும் முன் அறிவிப்புத் தர வேண்டும். வெடி வைப்பவர் அதற்குரிய தகுதிச் சான்று பெற்றவராக இருக்க வேண்டும்.

வெடி வைத்தால் குவாரி சுரங்கமாகிறது

‘இது வெறும் கல்குவாரிதான், சுரங்கம் அல்ல’ என்ற பேச்சை ஊர்களில் அடிக்கடி கேட்கிறோம். 1952-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு கட்டடக் கல், ஜல்லி, சரளை போன்றவை எடுக்கும் சிறு திறந்தவெளிக் குழிகளுக்குப் பெரும்பாலான விதிகளிலிருந்து விலக்கு அளித்தது உண்மையே. ஆனால் அதற்கு மூன்று நிபந்தனைகள் இருந்தன. குழியின் ஆழம் எங்கும் 6 மீட்டரைத் தாண்டக் கூடாது. ஒரு நாளில் 50 பேருக்கு மேல் வேலை செய்யக் கூடாது. வெடிபொருள் பயன்படுத்தக் கூடாது. மூன்றில் ஒன்று தவறினாலும் விலக்கு இல்லை. ஆகவே ஒரே ஒரு வெடி வைத்தாலும் அந்தக் குவாரி சட்டப்படி முழுமையான சுரங்கம். அங்கே வேலை செய்பவர் சுரங்கத் தொழிலாளர்.

இந்த உண்மையை நாட்டுக்குச் சொல்லிய வழக்கு, பந்துவா முக்தி மோர்ச்சா எதிர் இந்திய ஒன்றியம். ஹரியானாவின் ஃபரிதாபாத் கல்குவாரிகளில் கொத்தடிமைகளாக இருந்த தொழிலாளர்களுக்காக 1983 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, கல்குவாரிகளைச் சுரங்கச் சட்டத்தின் கீழ் வரும் சுரங்கங்களாகவே கொண்டது.

2025 நவம்பர் 21 முதல், தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம் மற்றும் பணிச்சூழல் தொகுப்புச் சட்டம், 2020 நடைமுறைக்கு வந்து, 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பிடித்துள்ளது. எனினும் பழைய சட்டத்தின் கீழ் இயற்றப்பட்ட ஒழுங்குமுறைகள் புதிய சட்டத்துக்கு முரண்படாத அளவுக்குத் தொடர்கின்றன. கீழே நாம் பேசும் 1961-ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகளை அந்தத் தொடர்ச்சியோடு வாசிக்க வேண்டும்.

ஆபத்து வளையம்

அந்த ஒழுங்குமுறைகள் வெடி வைக்கும் இடத்தைச் சுற்றி 300 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தை ஆபத்துப் பகுதி என்று கொள்கின்றன. பற்றவைக்கும் முன் அந்த வட்டத்துக்குள் நுழையும் வழிகள் அனைத்திலும் காவலர் நிற்க வேண்டும். உள்ளே இருப்பவர் யாவரும் வெளியேறியிருக்க வேண்டும் அல்லது தக்க மறைவிடத்தில் இருக்க வேண்டும். வட்டம் முழுவதும் கேட்கும்படி எச்சரிக்கை ஒலி எழுப்ப வேண்டும். குவாரி உரிமையாளருக்குச் சொந்தமில்லாத நிலையான கட்டடம் ஏதேனும் அந்த வட்டத்துக்குள் இருந்தால், ஒரே நேரத்தில் வெடிக்கும் மருந்தின் மொத்த எடை 2 கிலோவைத் தாண்டக் கூடாது. தாண்ட வேண்டுமெனில் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும்.

நகருக்கு அருகே இத்தகைய எச்சரிக்கை எப்படிக் கடைப்பிடிக்கப்படும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் உயிரிழந்தனர். எஞ்சி நின்ற இணைக் கட்டடம் 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. சுற்றியிருந்த மக்கள் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டனர். காவல் துறையும் தீயணைப்புத் துறையும் நின்றன. தொலைக்காட்சிகள் நேரலை செய்தன. அங்கே வெடி ஒரு மாலை மட்டும். குவாரி ஊரில் வெடி ஆண்டுக்கணக்கில். காவலர் நிற்கிறாரா, சங்கு ஊதப்படுகிறதா என்று பார்க்க அங்கே கேமரா வருவதில்லை.

அந்த மௌனத்தின் விலையை அண்மை ஆண்டுகளில் நாம் கண்டோம். 2022 மே மாதம் திருநெல்வேலி மாவட்டம் அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் பாறை சரிந்து 4 பேர் இறந்தனர். 2024 மே 1 அன்று விருதுநகர் மாவட்டம் காரியாபட்டி அருகே குவாரிக்கான வெடிபொருள் கிடங்கு வெடித்ததில் தொழிலாளர்கள் 3 பேர் உடல் சிதறி இறந்தனர். 2025 மே 20 அன்று சிவகங்கை மாவட்டம் மல்லாக்கோட்டையில் பாறை சரிந்து 6 பேர் உயிரிழந்தனர். மூன்றும் மே மாதத்தில் நிகழ்ந்தவை. அவற்றுள் ஒன்று உழைப்பாளர் நாளன்றே நிகழ்ந்தது.

அதிர்வுக்கும் அளவு உண்டு

கல் பறந்து வருவது கண்ணுக்குத் தெரியும். அதிர்வு தெரிவதில்லை. ‘வெடியால்தான் சுவர் பிளந்தது என்பதற்கு என்ன ஆதாரம்?’ என்ற கேள்வி எழுவது இதனால்தான். இங்கும் எழுதப்பட்ட அளவு இருக்கிறது.

நிலத்தில் அதிர்வு கடந்து செல்லும்போது மண்துகள் ஒரு வினாடிக்கு எத்தனை மில்லிமீட்டர் வேகத்தில் அசைகிறது என்பதே அளவுகோல். சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் 1997-இல் வெளியிட்ட 7-ஆம் தொழில்நுட்பச் சுற்றறிக்கை இதற்கு வரம்பு விதித்தது. உரிமையாளருக்குச் சொந்தமில்லாத குடியிருப்பு வீடுகளின் அடித்தளத்தில், அதிர்வெண் 8 ஹெர்ட்சுக்குக் கீழே இருந்தால் வினாடிக்கு 5 மி.மீ., 8 முதல் 25 வரை 10 மி.மீ., 25-க்கு மேல் 15 மி.மீ. என்பது உச்ச வரம்பு. தொன்மைச் சின்னங்களுக்கும் நொய்ந்த கட்டுமானங்களுக்கும் இது 2, 5, 10 என இன்னும் குறைகிறது. மெதுவான அதிர்வுக்கு வரம்பு கடுமையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. வீடுகள் தம் இயல்பில் அசையும் அதிர்வெண்ணும் தாழ்ந்த எல்லையிலேயே இருப்பதால், மெதுவான அதிர்வு வீட்டை ஊஞ்சல்போல் கூடுதலாக ஆட்டிவிடும்.

அதிர்வைத் தீர்மானிப்பவை முதன்மையாக இரண்டு: தொலைவும், ஒரே கணத்தில் வெடிக்கும் மருந்தின் எடையும். பொறியாளர்கள் பயன்படுத்தும் கணக்கின்படி, மருந்தை 4 மடங்காக்குவது தொலைவைப் பாதியாக்குவதற்குச் சமம். 400 மீட்டர் தள்ளியிருக்கும் வீடு, அந்தக் கணத்தில் 200 மீட்டருக்கு வந்துவிடுகிறது. இதனாலேயே எல்லாக் குழிகளையும் ஒரே நேரத்தில் வெடிக்கவிடாமல், மில்லி வினாடி இடைவெளிகளில் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கச் செய்யும் முறை வலியுறுத்தப்படுகிறது. இடைவெளி டெட்டனேட்டருக்குச் செலவு கூடும். அந்தச் செலவை மிச்சப்படுத்தினால், அது சேரிச் சுவரில் விரிசலாக எழுதப்படுகிறது.

இந்தச் சுற்றறிக்கையில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. குடியிருப்பு என்ற வகைக்குள் மண் வீட்டையும் செங்கல்–சிமெண்டு வீட்டையும் அது பெயர் சொல்லியே சேர்க்கிறது. மண் வீட்டுக்குத் தனியான, மேலும் குறைந்த வரம்பு இல்லை என்பது அதன் குறை. ஆனால் மண் வீட்டையும் வீடு என்று ஏற்பது அதன் பெரும் பயன். ஏன் என்பதை இனிப் பார்ப்போம்.

எது வீடு?

தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளின் 36-ஆம் விதி, குடியிருப்பிடம் எதிலிருந்தும் 300 மீட்டருக்குள் கல்குவாரிக் குத்தகை வழங்கக் கூடாது என்கிறது. இது ஒப்பீட்டளவில் கடுமையான விதி. கேரளத்தில் இந்த இடைவெளி 50 மீட்டராக இருந்தது. வெடி வைக்கும் குவாரிக்கு 200 மீட்டர் என்ற மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஜூலையில் அங்கே புகுத்தியபோது, அது உச்ச நீதிமன்றம் வரை வழக்காயிற்று. தமிழ்நாட்டின் 300 மீட்டர் அவற்றைவிட மேலானது.

ஆனால் குடியிருப்பிடம் என்றால் என்ன என்பதற்கு அதே விதி தரும் விளக்கத்தைப் படிக்க வேண்டும். வருவாய் ஆவணங்களில் ஊர் நத்தம், நகர நத்தம் அல்லது வீட்டுமனை என்று குறிக்கப்பட்ட இடம். அல்லது சட்டப்படி அமைந்த உள்ளாட்சி, திட்டக் குழுமம் போன்ற அமைப்பு மனையாக ஒப்புதல் அளித்த இடம். இவ்வளவே. அங்கே மனிதர் வாழ்கிறார்களா என்பது இந்த விளக்கத்தின் கேள்வி அல்ல. ஆவணம் அதை வீட்டுமனை என்கிறதா என்பதே கேள்வி. மேய்ச்சல் புறம்போக்கிலோ கல்லாங்குத்திலோ மூன்று தலைமுறையாக 40 குடும்பங்கள் வாழ்ந்தாலும், பட்டா இல்லையெனில், ஆவணக் கண்ணுக்கு அது வெற்று நிலம்.

சுரங்க ஒழுங்குமுறையின் 2 கிலோ வரம்பிலும் ‘நிலையான கட்டடம்’ என்ற சொல் நிற்கிறது. கீற்றுக் குடிசை நிலையானதா என்ற வாதம் அங்கே கிளம்பும்.

இவற்றுக்கு எதிர்த்திசையில் நிற்பவையும் உண்டு. 2008-ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள், கிடங்கிலிருந்து பாதுகாப்புத் தொலைவு காக்கப்பட வேண்டிய கட்டுமானங்களைப் பட்டியலிடும்போது, மனிதர் வசிக்கும், பணிபுரியும், கூடும் கட்டடங்கள் என்கின்றன. பட்டாவைக் கேட்பதில்லை. 1997-ஆம் ஆண்டின் அதிர்வுச் சுற்றறிக்கை மண் வீட்டை ஏற்கிறது. ஆபத்து வளையத்திலிருந்து வெளியேற்ற வேண்டியவர் ‘அனைவரும்’ என்கிறது சுரங்க ஒழுங்குமுறை. ஒரே குடிசை ஒரு விதியின் கீழ் வீடாகவும் மற்றொரு விதியின் கீழ் ஒன்றுமில்லாததாகவும் இருக்கிறது. குத்தகையைத் தீர்மானிப்பதோ பின்னதுதான்.

இதன் மறுபக்கம் இன்னும் கூர்மையானது. குவாரியிலிருந்து 300 மீட்டருக்குள் புதிய மனைப்பிரிவுக்கோ கட்டட வரைபடத்துக்கோ, புவியியல் மற்றும் சுரங்கத் துறைத் தலைவரின் முன் இசைவின்றி எந்த அமைப்பும் ஒப்புதல் தரக் கூடாது என்றும் அதே 36-ஆம் விதி கூறுகிறது. ஆக, வீடு முதலில் இருந்தும் பதிவில் இல்லை. குவாரி பின்னால் வந்தும் பதிவில் ஏறிவிட்டது. இப்போது வீட்டைப் பதிவேற்றக் குவாரியே தடையாக நிற்கிறது. எனினும் அதே விதிக்குள் ஒரு திறப்பும் உண்டு. இசைவு கோரி விண்ணப்பம் வந்தால், அந்தக் குவாரி தொடரலாமா, மூடப்பட வேண்டுமா என்பதையும் துறைத் தலைவர் முடிவு செய்ய வேண்டும் என்கிறது விதி. சேரியின் மனைப்பட்டாக் கோரிக்கை, முறையாக எழுப்பப்பட்டால், குவாரியின் இருப்பையே கேள்விக்கு உட்படுத்தும் சட்டக் கருவியாக முடியும்.

நத்தமும் சேரியும்

சேரி ஏன் பதிவில் இல்லை என்ற கேள்விக்கு விடை குவாரிகளுக்கு முற்பட்டது. 1891-இல் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் ட்ரெமென்ஹீர் அளித்த அறிக்கை, பறையர் மக்களுக்குத் தாம் குடியிருக்கும் மனைமீதே உரிமை இல்லாதிருந்ததையும், மிராசுதாரர்கள் அதைக் கொண்டே அவர்களை அடக்கிவைத்ததையும் எடுத்துரைத்தது. அதன் தொடர்ச்சியாக 1892-இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தரிசு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. அதுவே பஞ்சமி நிலம். அந்த நிலத்தை மீட்கும் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தனர். சென்னைக்கு ஜல்லி தரும் மாவட்டமும் இந்த வரலாறு நிகழ்ந்த மாவட்டமும் ஒன்றே.

ஊர் நத்தமாகப் பதிவானது. சேரி புறம்போக்காகவோ, மிராசுதாரர் நிலமாகவோ, நீர்நிலைக் கரையாகவோ எழுதப்பட்டது. அந்த வரலாற்று அநீதியை 36-ஆம் விதி படைக்கவில்லை. ஆனால் அதை அளவுநாடாவாக மாற்றிக்கொண்டது. ஊரிலிருந்து 300 மீட்டர் அளந்து குவாரியைத் தள்ளிவைக்கும்போது, அது ஊருக்கு எதிர்ப்புறம், சேரியின் பக்கம் நகர்கிறது.

நகரத்துக்கு இது புதிதல்ல. 2022 மே மாதம் மயிலாப்பூரை ஒட்டிய ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகள் இடிக்கப்பட்டபோது முதியவர் ஒருவர் தீக்குளித்து உயிரிழந்தார். பல பத்தாண்டுகள் வாழ்ந்த இடம் ஆவணத்தில் ஆக்கிரமிப்பு என்று இருந்தது. நகரத்தில் ஆவணமின்மை புல்டோசரை வரவழைக்கிறது. கிராமத்தில் வெடியை வரவழைக்கிறது.

நாம் செய்யக்கூடியவை

களத்தில் இருப்போரும் மாணவர்களும் இதில் உடனடியாகத் தொடங்கக்கூடிய பணிகள் உள்ளன.

முதலில், கணக்கெடுப்பு. மாநிலச் சுற்றுச்சூழல் மதிப்பீட்டுக் குழு குவாரி விண்ணப்பதாரர்களிடம் வழக்கமாகக் கேட்கும் விவரங்களில் ஒன்று, 50, 100, 200, 300, 500 மீட்டர் வளையங்களுக்குள் உள்ள கட்டுமானங்களின் பட்டியல். வீடுகள் எத்தனை, யாருக்குச் சொந்தம், எவ்வகைக் கட்டுமானம், எத்தனை பேர் வசிக்கிறார்கள், அவர்களின் தொழில், வருமானம் ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். பட்டா உள்ள வீடு மட்டும் என்ற வரையறை அதில் இல்லை. விண்ணப்பதாரர் தரும் பட்டியலையும் 300 மீட்டர் குறித்துக் கிராம நிர்வாக அலுவலர் தரும் சான்றையும் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பெற்று, நாமே வீடுவீடாக எடுத்த பட்டியலோடு ஒப்பிட வேண்டும். மின் கட்டண அட்டை, குடும்ப அட்டை, வீட்டுவரி ரசீது, வாக்காளர் பட்டியல், அரசுத் தொகுப்பு வீட்டு ஆணை ஆகியவற்றை ஒவ்வொரு வீட்டுக்கும் சேர்த்து வைத்தால், ‘அங்கே குடியிருப்பே இல்லை’ என்ற சான்று நிற்காது.

இரண்டாவது, கருத்துக்கேட்புக் கூட்டம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும் இக்கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும்; தமிழ் நாளிதழ் ஒன்றிலும் அது வெளிவர வேண்டும். அங்கே சொல்லப்படும் ஒவ்வொரு கருத்தும் பதிவாக வேண்டும். தொலைவு, அதிர்வு, வெடி நேரம், சுவர் விரிசல் என்று குறிப்பாகப் பேசுவது, பொதுவாக எதிர்ப்புத் தெரிவிப்பதைவிட வலுவானது. வீடுகளின் சுவர்களை வெடி தொடங்கும் முன்பே தேதியோடு படமெடுத்து வைப்பது பின்னாளில் உதவும்.

மூன்றாவது, வெடி நாட்குறிப்பு. வெடித்த தேதி, நேரம், எச்சரிக்கை ஒலி கேட்டதா, காவலர் நின்றாரா, கல் எங்கே விழுந்தது என்பவற்றை ஒரு நோட்டில் தொடர்ந்து எழுத வேண்டும். வெடிபொருள் வாங்கிய, பயன்படுத்திய கணக்கு குவாரியிடம் இருந்தாக வேண்டும் என்பதால், இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பார்க்குமாறு பெசோவிடமும் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்திடமும் கோரலாம். அதிர்வை அளக்கும்போது அளவுமானியைக் குவாரி வாசலில் அன்றிச் சேரி வீட்டின் அடித்தளத்தில் வைக்க வேண்டும் என்பதை வலியுறுத்த வேண்டும். வரம்பு அந்த இடத்துக்கே விதிக்கப்பட்டுள்ளது.

நான்காவது, நில ஆவணம். குத்தகை நிலத்தின் அ-பதிவேட்டையும் பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டையும் எடுத்துப் பார்த்தால், அது பஞ்சமி நிலமா என்பது தெரியவரும். தலித் மக்களின் நிலம், வீடு, நீர் ஆகியவற்றின் மீதான உரிமையை நுகர்வதில் முறைகேடாக இடையூறு செய்வது, 2015-இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(g) பிரிவின்படி குற்றம். பட்டியல் சாதியினர் அல்லாதவர் நடத்தும் குவாரி, சேரியின் கிணற்றையோ வீட்டையோ அழிக்கும்போது இப்பிரிவைப் பரிசீலிக்க வேண்டும்.

ஐந்தாவது, காலக்கெடு. சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள். தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள். இழப்பீடு கோர 5 ஆண்டு. தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே உள்ளது. செய்தி ஊருக்கு வந்துசேரும் முன் 30 நாள் கழிந்துவிடுவதே வழக்கம் என்பதால், அனுமதிகள் வெளியாகும் இணையதளத்தைத் தொடர்ந்து பார்ப்பதை நகரத்து மாணவர்கள் தம் பொறுப்பாக ஏற்கலாம்.

விதி கேட்காத கேள்வி

இவை அனைத்தும் இருக்கும் விதிகளைக் கொண்டே செய்யத்தக்கவை. ஆனால் 36-ஆம் விதியின் விளக்கம் மாற வேண்டும் என்ற கோரிக்கையை இவற்றோடு சேர்த்தே எழுப்ப வேண்டும். குடியிருப்பிடம் என்பது ஆவணத்தில் மனை என்று எழுதப்பட்ட இடம் மட்டும் அன்று, மனிதர் வாழும் இடம் என்று ஒரு வரியைச் சேர்ப்பதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. விதியை இயற்றிய மாநில அரசே திருத்தலாம். ஒன்றிய அரசின் வெடிபொருள் விதிகளில் அந்தக் கருத்து ஏற்கெனவே எழுத்தில் இருக்கிறது. கிடங்கில் உறங்கும் மருந்துக்கு மனிதர் வசிக்கும் கட்டடம் என்று பார்க்கத் தெரியுமானால், பாறையில் வெடிக்கும் மருந்துக்கும் அது தெரிந்தாக வேண்டும்.

சைதாப்பேட்டையிலும் கிண்டியிலும் உள்ள மேசைகளுக்கு வரும் வரைபடத்தில் குவாரியைச் சுற்றி 300 மீட்டர் வட்டம் வரையப்பட்டிருக்கும். அந்த வட்டத்துக்குள் வெள்ளையாக விடப்பட்ட இடத்தில் யார் வாழ்கிறார்கள் என்பதை எழுதும் பணி நம்முடையது.